ரெண்டும் ஒண்ணுதானே? ஒத்த சொற்களையும் பட்டியல் முறைகளையும் எப்போது மாற்றிப் போடலாம்: முழுமையான வழிகாட்டி

அந்தப் பாட்டியின் கையில் ஒரு பிஸ்கட் டின். பேரனுக்குப் பள்ளி உதவிநிதி கேட்டு வந்திருந்தார். டின்னுக்குள் பேரனின் பிறப்புப் பத்திரம், தம்முடைய அடையாள அட்டை, மகளின் சம்பளச் சீட்டு எல்லாம் இருந்தன. அதோடு நிற்கவில்லை. மகளின் திருமணச் சான்றிதழ், தாத்தாவின் மரணச் சான்றிதழ், தண்ணீர் பில், மின்சார பில், பையனின் தடுப்பூசிப் புத்தகம் என்று இன்னும் ஒரு கட்டு. ஒவ்வொன்றுக்கும் நகல். நகல் ஒன்றுக்கு இருபது காசு.

அறிவிப்பில் இப்படி இருந்தது: "பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு போன்ற ஆவணங்களின் நகல்களுடன் வரவும்."

"போன்றன்னு போட்டிருக்கே தம்பி. எதைக் கேப்பாங்களோன்னு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்துட்டேன்" என்றார்.

மலாய் மொழியில் வந்த மூலத்தில் கேட்டிருந்தது மூன்றே மூன்றுதான். அந்தப் 'போன்ற'வைப் போட்டவன் நான். காதுக்கு நன்றாக இருந்தது, போட்டேன்.

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பதும் பிழை திருத்துவதும் என் வேலை. கோயில் அழைப்பிதழ், பெற்றோர் ஆசிரியர் சங்கச் சுற்றறிக்கை, கல்யாணப் பத்திரிகை, சங்கங்களின் ஆண்டறிக்கை எல்லாம் வரும். கொண்டுவருகிறவர்கள் தினமும் ஒரு தடவையாவது "ரெண்டும் ஒண்ணுதானே, எதைப் போட்டா என்ன?" என்பார்கள். பல நேரம் ஒன்றுதான். சில நேரம் பிஸ்கட் டின் கதை ஆகிவிடும். எது எப்போது என்று பார்க்க நான் போகும் வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எல்லாப் படிக்கும் அடியில் ஒரே சோதனைதான். சொல்லை மாற்றிப் போட்டால், படிப்பவர் வேறு இடத்துக்குப் போவாரா, வேறு நாளில் வருவாரா, வேறு பொருளைக் கொண்டுவருவாரா? மாட்டார் என்றால் தாராளமாக மாற்றுங்கள். அகராதி இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள் சொல்கிறதா என்பது அப்புறம்.

முதல் படி: அது பெயரா, விவரிப்பா என்று பாருங்கள்

விவரிப்பை மாற்றலாம். பெயரை மாற்றக் கூடாது. எளிய விதி மாதிரித் தெரியும், ஆனால் எது பெயர் என்று கண்டுபிடிப்பதில்தான் வழுக்கும்.

மலாயா, மலேசியா இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1957 ஆகஸ்ட் 31இல் விடுதலை பெற்றது மலாயா. மலாயாவோடு சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16இல். சிங்கப்பூர் 1965இல் பிரிந்தது. ஆகவே "1957இல் மலேசியா விடுதலை பெற்றது" என்று ஆண்டு மலரில் போட்டால் தவறு. "மலேசியாவின் சுதந்திர தினம்" என்று இன்றைய கொண்டாட்டத்தைச் சொன்னால் சரி. அதே நேரம் கோலாலம்பூரில் இருப்பது மலாயாப் பல்கலைக்கழகம்தான். நாட்டின் பெயர் மாறியதென்று அதையும் மாற்றி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் என்று வேறொன்று இருக்கிறது, அது பாங்கியில்.

ஊர்ப் பெயர்களில் வரும் சிக்கல் இன்னும் பெரியது. பினாங்கு, பினாங்குத் தீவு, ஜார்ஜ்டவுன் மூன்றையும் ஒன்றாகவே பேசுகிறோம். ஆனால் பினாங்கு மாநிலத்தில் பாதிக்கு மேல் நிலம் கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில் இருக்கிறது. அங்கே இருக்கும் பட்டர்வொர்த்தும் பினாங்குதான். ஒரு முறை பட்டர்வொர்த் மண்டபத்தில் நடக்கவிருந்த கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை வீட்டார் இடத்தைச் சுருக்கி "பினாங்கு" என்று மட்டும் போடச் சொன்னார்கள். கோலாலம்பூரிலிருந்து கார் ஓட்டி வந்த உறவினர்கள் பாலம் ஏறித் தீவுக்கு வந்து மண்டபத்தைத் தேடிவிட்டு, மறுபடி பாலம் ஏறிப் போனார்கள். தீவுக்கு வரும் பக்கம்தான் பாலத்தில் டோல். அதையும் கட்டிவிட்டார்கள். முகூர்த்தம் முடிந்துவிட்டது, சாப்பாடு இருந்தது.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இதே கதை பத்துமலையில். கோலாலம்பூர் பத்துமலை என்றுதான் உலகம் சொல்கிறது. சுற்றுலா பற்றி எழுதும்போது அப்படியே விட்டுவிடலாம், யாரும் வழி தவற மாட்டார்கள். ஆனால் பத்துமலை சிலாங்கூரில், செலாயாங் நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. கடை உரிமம் பற்றிய கடிதத்தில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் என்று எழுதினால் கடிதம் தவறான மேசைக்குப் போய்விடும். ஒரே ஊர்ப் பெயர், ஒரு தாளில் மாற்றலாம், இன்னொரு தாளில் கூடாது.

கோயில், ஆலயம், தேவஸ்தானம் மூன்றில் முதல் இரண்டும் விவரிப்பாக வரும்போது ஒன்றுதான். "கோயிலில் அன்னதானம்", "ஆலயத்தில் அன்னதானம்" இரண்டுக்கும் ஒரே சாப்பாடு. தேவஸ்தானம் அப்படியல்ல. அது நிர்வாகத்தையும் குறிக்கும். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் தேவஸ்தானம்தான் பத்துமலைக் கோயிலையும் நிர்வகிக்கிறது. "தேவஸ்தானத்தில் கூட்டம்" என்று எழுதினால் மாரியம்மன் கோயிலுக்குப் போவதா பத்துமலைக்குப் போவதா என்று போன் வரும். பதிவுப் பெயரில் எது இருக்கிறதோ அதைத் தலைப்பில் போடுங்கள். உள்ளே கோயில் என்றே எழுதுங்கள். எனக்குக் 'கோயில்'தான் பிடிக்கும், சொல்லில் ஊர் வாசனை இருக்கிறது.

இரண்டாம் படி: பின்னால் சட்டமோ பதவியோ நிற்கிறதா?

பினாங்கின் அரசாங்கத் தலைவர் முதலமைச்சர். சிலாங்கூரில் மந்திரி பெசார். வேலை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பதவிப் பெயரை மாற்றக் கூடாது. சுல்தான் போன்ற பரம்பரை ஆட்சியாளர் உள்ள மாநிலங்களில் மந்திரி பெசார். ஆளுநர் உள்ள பினாங்கு, மலாக்கா, சபாவில் முதலமைச்சர். சரவாக்கில் 2022 முதல் பிரிமியர். 'டத்தோ', 'டத்தோஸ்ரீ' என்ற பட்டங்களும் இதே வகை. வரவேற்புரையில் ஒரு 'ஸ்ரீ' விடுபட்டால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்ட செயலாளர்களைக் கேளுங்கள்.

பள்ளி விஷயத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பாடப் பழக்கத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். அங்கே ஐந்தாம் வகுப்பு என்றால் பத்து வயதுப் பிள்ளை. இங்கே ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு, இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம். ஒருவருக்கு 11 வயது, மற்றவருக்கு 17. "ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்கான பேச்சுப்போட்டி" என்று போட்டால் இரண்டு கூட்டமும் வரும், அல்லது இரண்டும் வராது. ஆரம்பப் பள்ளியில் இருப்பவர் தலைமையாசிரியர், இடைநிலைப் பள்ளியில் இருப்பவர் முதல்வர். இந்த 'முதல்வர்' பின்னால் மறுபடி வருவார்.

விண்ணப்பப் பாரங்களில் கவனிக்க வேண்டிய சொற்கள் சில. குடிமகனும் நிரந்தரவாசியும் வேறு. ஒருவரிடம் நீல அட்டை, மற்றவரிடம் சிவப்பு. மைகார்டு என்பது குடிமக்களுடையது மட்டும். அடையாள அட்டை என்றால் எல்லாம் அடங்கும். 'இந்தியர்' என்ற பிரிவில் தெலுங்கரும் மலையாளிகளும் பஞ்சாபியரும் உண்டு, ஆகவே 'தமிழர்' என்று மாற்ற முடியாது. மலாய்க்காரர், பூமிபுத்ரா (மலாய்க்காரரோடு மற்றப் பூர்வகுடிகளும் சேர்ந்தது), மலேசியர் மூன்றும் மூன்று வட்டங்கள், ஒன்றைவிட ஒன்று பெரியது. 'பி40' என்றால் குடும்ப வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காடு. அதை 'ஏழைகள்' என்று மொழிபெயர்த்தால் தகுதியுள்ள பல பேர் வெட்கப்பட்டு வர மாட்டார்கள். சம்பளமும் குடும்ப வருமானமும் வேறு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாறாக, இலாகா, துறை இரண்டும் இங்கே ஒன்றுதான். குடிநுழைவு இலாகா என்றாலும் குடிநுழைவுத் துறை என்றாலும் ஒரே வரிசையில்தான் நிற்பீர்கள். ஆனால் அமைச்சு வேறு, அது இலாகாவுக்கு மேலே. இபிஎஃப் என்பதும் ஊழியர் சேமநிதி வாரியம் என்பதும் ஒரே கட்டடம்.

மூன்றாம் படி: நாள், வயது, பணம் வரும் இடங்களில் நின்று நிதானியுங்கள்

இந்தப் படியில் நான் அவசரப்பட மாட்டேன். சின்னச் சொற்கள்தான் இங்கே அதிகம் ஏமாற்றும்.

"மார்ச் 31க்கு முன்", "மார்ச் 31க்குள்", "மார்ச் 31 வரை". பேச்சில் மூன்றும் ஒன்று. '31க்கு முன்' என்றால் கண்டிப்பானவர் 30ஆம் தேதியோடு கதவைச் சாத்திவிடலாம். '31 வரை' என்றால் 31 சேரும். 'க்குள்' என்பதை ஒருவர் ஒரு மாதிரியும் மற்றவர் வேறு மாதிரியும் வாசிப்பார். நான் இப்போது எல்லா இடத்திலும் "மார்ச் 31, மாலை மணி 5.00 வரை" என்று போட்டுவிடுகிறேன். நேரம் சேர்ந்தால் சண்டை இல்லை.

வயதிலும் இதே கதை. "18 வயதுக்கு மேற்பட்டவர்" என்றால் 18 வயதுக்காரர் சேர்வாரா? இந்த நாட்டில் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் சட்டத்திருத்தம் 2019இல் நிறைவேறி, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றி எழுதும்போது "18 வயது நிரம்பியவர்" என்பதுதான் சரி. 'மேற்பட்டவர்' என்று எழுதினால் 18 வயதுப் பிள்ளைகளின் வாக்கைப் பேனாவாலேயே பறித்துவிடுகிறோம்.

பணத்துக்கு வருவோம். ரிங்கிட் என்றாலும் வெள்ளி என்றாலும் நமக்கு ஒன்று. 1975இல் ரிங்கிட் அதிகாரப்பூர்வப் பெயரான பிறகும் வாயில் வெள்ளி போகவில்லை, போக வேண்டியதும் இல்லை. ஆனால் தைப்பூச அழைப்பிதழ் ஒன்றில் இந்த வரி வந்தது: "வெள்ளி ரத உபயம் வெள்ளி 50." ஒரு வெள்ளி உலோகம், ஒரு வெள்ளி பணம். அதற்கு மேல் ரதம் புறப்படும் நாளும் வெள்ளி. ஒருவர் போன் செய்து, "வெள்ளிக்கிழமை உபயத்துக்கு 50ஆம் நம்பர் டோக்கனா?" என்று உண்மையாகவே கேட்டார். அன்றிலிருந்து ரதம் வரும் தாளில் பணம் ரிங்கிட், நாள் வெள்ளிக்கிழமை, உலோகத்துக்கு மட்டும் வெள்ளி. கல்யாண மொய்க் கணக்கில் வெள்ளி என்றே இருக்கட்டும்.

"காலை 10 மணிக்கு", "காலை மணி 10.00க்கு" இரண்டும் சரி. இரண்டாவது நம் ஊர் நடை. 'பசியாறல்' என்பதற்கும் 'காலைச் சிற்றுண்டி'க்கும் இங்கே வேறுபாடு கிடையாது. சென்னையிலிருந்து வரும் பேச்சாளருக்கு அனுப்பும் நிரலில் மட்டும் சிற்றுண்டி என்று போடுங்கள். இல்லையென்றால் அது என்ன நிகழ்ச்சி, தான் பேச வேண்டுமா என்று கேட்பார்.

நான்காம் படி: பட்டியலை மூடும் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

பாட்டியின் டின் இங்கேதான் திறந்தது.

'ஆகிய' என்பது பட்டியலைப் பூட்டும். சொன்னவை மட்டும், வேறில்லை. "பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு ஆகிய மூன்றின் நகல்" என்று நான் எழுதியிருக்க வேண்டும். எண்ணையும் சேர்த்தால் இரட்டைப் பூட்டு. யாராவது பின்னால் ஒன்றை விட்டுவிட்டு அச்சடித்தாலும், மூன்று என்று போட்டு இரண்டுதானே இருக்கிறது என்று பிழை தானே காட்டிக்கொடுக்கும்.

'முதலிய' என்பது கதவைத் திறந்து வைக்கும். சொன்னவையும் உண்டு, இன்னும் உண்டு. "கரண்டி, தட்டு, குவளை முதலிய பொருள்களை நன்கொடையாகத் தரலாம்" என்றால் யாராவது சட்டி கொடுத்தாலும் மகிழ்ச்சி.

'போன்ற' என்பதை நாம் 'முதலிய'வுக்குப் பதிலாகப் போட்டுப் பழகிவிட்டோம். பெரும்பாலும் பரவாயில்லை. ஆனால் அதன் அடிப்பொருள் ஒப்புமை. சிங்கம் போன்ற வீரன் என்றால் அங்கே சிங்கம் இல்லை. "கம்பர் போன்ற புலவர்கள்" என்று எழுதினால், கம்பரும் சேர்த்தியா, கம்பரைப் போல இருந்த வேறு புலவர்களா என்று விடாப்பிடியான வாசகர் கேட்கலாம். கட்டுரையில் அது ஓடிவிடும். விதிமுறையிலும் விண்ணப்பத்திலும் போடாதீர்கள். ஆக, திறந்த பட்டியலில் 'முதலிய', 'போன்ற' இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம், மூடிய பட்டியலில் இரண்டுக்குமே இடமில்லை.

ஆட்களுக்கு ஆகியோர், முதலியோர். பொருள்களுக்கு ஆகியவை, முதலியவை. "தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியவை" என்று ஒரு முறை அச்சாகிவிட்டது. பொருளாளர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

'மற்றும்' பற்றி ஒரு வார்த்தை. தமிழில் 'உம்' இருக்கும்போது எனக்கு அது தேவைப்படுவதே இல்லை. "தாய் மற்றும் தந்தையின் அடையாள அட்டை" என்பதை "தாய், தந்தை இருவரின் அடையாள அட்டை" என்று மாற்றலாம், பொருள் கெடாது. ஆனால் அப்படி மாற்றும்போதே ஒரு கேள்வி எழும்: உண்மையில் இருவருமா, ஒருவர் போதுமா? தனித்தாய்மார்கள் இந்த ஒரு வரியைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள். மூலத்தைக் கொடுத்தவரிடம் கேட்டால் பல நேரம் "ஒருத்தர் போதும்" என்பார்கள். அப்போது 'அல்லது'. உம், மற்றும் இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கும். 'அல்லது' எதற்கும் இடம் கொடுக்காது.

ஐந்தாம் படி: எண்ணா, எழுத்தா, புள்ளியா

பட்டியலுக்கு முன்னால் என்ன போடுவது என்பது அழகுக் கேள்வி இல்லை. யாராவது போனில் "மூணாவது என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்கக்கூடிய பட்டியல் என்றால் எண் போடுங்கள். கூட்டத் தீர்மானம், பதிவு செய்யும் முறை, போட்டி விதிகள் எல்லாம் இதில் அடங்கும். வரிசைக்கும் வேலை இல்லை, குறிப்பிடவும் தேவை இல்லை என்றால் புள்ளியும் எண்ணும் ஒன்றுதான். மூன்று சொல் உள்ள பட்டியலுக்கு இரண்டும் வேண்டாம், வாக்கியத்திலேயே எழுதிவிடலாம்.

நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலில் மட்டும் எண் போடாதீர்கள். எண் போட்டால் அது தரவரிசை ஆகிவிடும். அகரவரிசையில் போட்டு, மேலே "அகரவரிசைப்படி" என்று எழுதிவிடுங்கள். அப்படியும் கேட்பார்கள், ஆனால் கையில் பதில் இருக்கும்.

அ, ஆ, இ என்று எழுத்துப் போடுவது பார்க்க நன்றாக இருக்கும். எண்ணுக்குப் பதிலாகப் போடலாமா? எண்ணுக்கு உள்ளே வரும் உட்பிரிவுக்குப் போடலாம், அதிலும் நாலைந்து வரை. அதற்கு மேல் மூன்று தொல்லைகள். உயிரெழுத்து பன்னிரண்டுதான், பதின்மூன்றாவது விதிக்கு ஆய்த எழுத்தைப் போட்டால் அடுத்ததற்கு எங்கே போவது? அப்புறம், போனில் இகரமா ஈகாரமா என்று தெரியாது. "இலை இ", "ஈட்டி ஈ" என்று கத்த வேண்டியிருக்கும். மூன்றாவது தொல்லை, நகல் எடுக்கும்போது. எ-ஏ, ஒ-ஓ இரண்டு ஜோடியும் சின்ன எழுத்தில், மங்கிய நகலில் ஒன்றாகிவிடும். 7ஆம் விதியும் 8ஆம் விதியும் இடம் மாறினால் யார் பொறுப்பு?

பழைய முறையில் தமிழ் எண்களைப் போட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பக்க எண்ணுக்குப் போடுங்கள், அழகுதான். பட்டியலில் எழுத்தோடு கலக்காதீர்கள். தமிழ் எண் 1க்கு 'க' வடிவம், 2க்கு 'உ' போன்ற வடிவம், 7 'எ' மாதிரி, 8 'அ' மாதிரி. எழுத்து வரிசையில் 'அ' முதலாவது. எண் வரிசையில் அதே உருவம் எட்டாவது. ஒரே தாளில் இரண்டும் இருந்தால் படிப்பவர் பாவம்.

ஆறாம் படி: ஒரு தாளில் ஒரு பொருளுக்கு ஒரு சொல்

பள்ளியில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாதே என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது கட்டுரைக்கு. அறிவிப்பில் முதல் வரியில் விண்ணப்பம், மூன்றாம் வரியில் மனு, ஏழாம் வரியில் பாரம் என்று மாற்றினால், மூன்று தாள் கொடுக்க வேண்டும் என்று நினைப்பார்கள். மூன்றும் நமக்கு ஒன்றாகவே தெரிந்தாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போங்கள். செயற்குழுவா நிர்வாகக் குழுவா என்ற கேள்விக்குச் சங்கத்தின் சட்டவிதியில் எது இருக்கிறதோ அதுதான் விடை.

அலுப்பாக இருந்தால் வரவேற்புரையில் விளையாடுங்கள். அங்கே அன்பு, பாசம், நேசம் எதை எங்கே போட்டாலும் யாரும் வழி தவறப் போவதில்லை.

ஏழாம் படி: வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்

எழுதியவர் வாசித்தால் தான் நினைத்ததையே வாசிப்பார். எங்கள் கடையில் தேநீர் கொண்டுவரும் பையனிடம் கொடுப்பேன். அவன் வாசித்ததும், "எப்போ, எங்கே, என்ன கொண்டுபோகணும்?" என்று மூன்றே கேள்விதான் கேட்பேன். பதில் தடுமாறும் இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம்.

போன வாரம் ஒரு முன்னாள் மாணவர் விருந்துக்கான அழைப்பிதழை அப்படிக் கொடுத்தேன். "சிறப்பு வருகை: முதல்வர்" என்று இருந்தது. பையன் வாசித்துவிட்டு, "அண்ணே, போலீஸ்லாம் வருமா?" என்றான். வட்டம் போட்டேன். ஏற்பாட்டாளருக்குப் போன் செய்து, எந்த முதல்வர் என்று கேட்டேன்.

"நம்ம ஸ்கூல் முதல்வர்தாங்க. ஏன்?"

'பள்ளி' என்று ஒரு சொல்லைச் சேர்த்து அச்சுக்கு அனுப்பினேன்.